பரணில் தூங்கும் லேப்டாப் மலை ஏறட்டும்!

"சி.டி. டிரைவ் போய்விட்டது. இனி இது உதவாது."

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் இந்த ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தோடு அந்த லேப்டாப்பின் ஆயுள் முடிந்தது! வீட்டுக்கு எடுத்து வருகிறார்கள். பழைய துண்டில் சுற்றுகிறார்கள். பரணில் போடுகிறார்கள். பிறகு அது எலிக்கும் தூசிக்கும்தான்.

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் எத்தனை வீட்டுப் பரணில் இப்படி லேப்டாப் தூங்குகிறது? கணக்கு எடுத்தவர்கள் யாரும் இல்லை. ஆனால் தமிழ்நாடு முழுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15-ந் தேதி தொடங்கியது. அடுத்த எட்டு ஆண்டுகளில் சுமார் 50 லட்சம் லேப்டாப்புகள் வழங்கப்பட்டன. அன்று பிளஸ்-2 படித்த பிள்ளைகள் இன்று வேலைக்குப் போய்விட்டார்கள். பலருக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. லேப்டாப் மட்டும் அப்பா வீட்டிலேயே கிடக்கிறது.

அந்த லேப்டாப் செத்துவிட்டதா? பெரும்பாலும் இல்லை! அதற்கு வேண்டியது ஒரு பென் டிரைவும், விவரம் தெரிந்த ஓர் ஆளும், ஒரு மணி நேரமும்தான்.

வண்டிக்காரன் இல்லாத வண்டி

கம்ப்யூட்டரில் பெட்டி இருக்கிறது, திரை இருக்கிறது, தட்டச்சுப் பலகை இருக்கிறது. இவை எல்லாம் இருந்தாலும் கம்ப்யூட்டர் தானாக ஓடாது. வண்டி இருக்கிறது, மாடு இருக்கிறது, ஓட்ட வண்டிக்காரன் வேண்டும் அல்லவா? அந்த வண்டிக்காரன்தான் இயக்க மென்பொருள். கடைக்காரர்கள் "ஓ.எஸ்." என்பார்கள். விண்டோஸ் என்பது அப்படி ஒரு வண்டிக்காரன். லினக்ஸ் என்பது இன்னொருவன்.

பழைய லேப்டாப்பில் பொதுவாகக் கெட்டுப்போவது இந்த வண்டிக்காரன்தான். வைரஸ் புகுந்திருக்கும். பாதியில் மின்சாரம் போய் ஏதாவது கோப்பு சிதைந்திருக்கும். திரை கறுப்பாகவே நிற்கும். பார்க்கிறவர்கள் "கம்ப்யூட்டரே போச்சு" என்று நினைப்பார்கள். வண்டியும் மாடும் நன்றாகத்தான் இருக்கின்றன. புது வண்டிக்காரனை ஏற்றிவிட்டால் ஓடும்.

ஒரு காலத்தில் அவனை ஏற்றுவதற்கு சி.டி. வேண்டும். விண்டோஸ் எக்ஸ்.பி. வந்த நாளில் தகடு போல ஒரு சி.டி.யைத் தட்டில் வைத்து உள்ளே தள்ளுவார்கள். கம்ப்யூட்டர் அதைப் படித்துக்கொள்ளும். இந்த நினைப்புதான் இன்னும் பல பேருக்கு மாறவில்லை. பழைய லேப்டாப்பில் தட்டு இருக்கும். உள்ளே உள்ள சிறு லென்ஸ் தூசி பிடித்து மங்கியிருக்கும். பின்னாளில் வந்த மெல்லிய லேப்டாப்புகளில் தட்டே கிடையாது. "டிரைவ் இல்லை, ஓ.எஸ். போட முடியாது" என்று கையை விரித்து விடுகிறார்கள்.

உண்மையில் சி.டி.யின் காலமே முடிந்துவிட்டது. ஒரு சி.டி.யில் 700 எம்.பி. தான் கொள்ளும். இன்றைய ஓ.எஸ். இரண்டு, மூன்று ஜி.பி. இருக்கும். சி.டி. டிரைவ் நல்ல நிலையில் இருந்தாலும் அந்த வேலைக்கு அது போதாது! இல்லாத ஒன்றுக்காக அழ வேண்டியதில்லை.

விரல் அளவு பென் டிரைவ்

எட்டு ஜி.பி. பென் டிரைவ் ஒன்று போதும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

லினக்ஸில் பல வகை உண்டு. லினக்ஸ் மின்ட், லுபுண்டு, எம்.எக்ஸ். லினக்ஸ் என்று பெயர்கள். எல்லாம் இலவசம். வேறு ஒரு நல்ல கம்ப்யூட்டரில் இண்டர்நெட் மூலம் அதை இறக்கிக்கொள்ள வேண்டும். "ஐ.எஸ்.ஓ." என்று முடியும் ஒரே கோப்பாக அது வரும்.

இங்கேதான் முதல் முறை செய்கிறவர்கள் தவறு செய்கிறார்கள். பாட்டை காப்பி செய்வது போல அந்தக் கோப்பை பென் டிரைவில் காப்பி செய்து விடுகிறார்கள். அப்படிச் செய்தால் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாது. ரூஃபஸ், எட்சர், வென்டாய் என்று சிறு மென்பொருள்கள் இருக்கின்றன. அவையும் இலவசம். அவற்றில் ஒன்றைக் கொண்டுதான் பென் டிரைவைத் தயார் செய்ய வேண்டும். அதில் ஏற்கனவே இருந்த படம், பாட்டு எல்லாம் அழிந்துவிடும். ஆகவே காலி பென் டிரைவாக எடுத்துக்கொள்வது நல்லது.

பிறகு பழைய லேப்டாப்பில் அதைச் செருகி, சுவிட்சைப் போட்டவுடன் ஒரு குறிப்பிட்ட பொத்தானை விடாமல் தட்ட வேண்டும். இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். லெனோவாவிலும் டெல்லிலும் பெரும்பாலும் எஃப்12. எச்.பி.யில் எஃப்9. அப்போது "எதிலிருந்து தொடங்கட்டும்?" என்று கம்ப்யூட்டர் கேட்கும். பென் டிரைவைக் காட்டினால் லினக்ஸ் திரையில் வந்து நிற்கும்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. உள்ளே போடாமலேயே ஓட்டிப் பார்க்கலாம்! வைஃபை வருகிறதா, ஒலி கேட்கிறதா, திரை சரியாகத் தெரிகிறதா என்று சோதித்துவிட்டு, திருப்தியானால் பதித்துக்கொள்ளலாம். மாட்டை ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குவது மாதிரிதான்.

பதிக்கும் முன் ஒரு காரியம் கட்டாயம் செய்ய வேண்டும். லேப்டாப்பில் உள்ள போட்டோ, சான்றிதழ் நகல் எல்லாவற்றையும் வேறு இடத்தில் எடுத்து வைக்க வேண்டும். பதித்தால் பழையது அழிந்துபோகும். அக்காள் கல்யாணப் போட்டோ போய்விட்டது என்று பிறகு வீட்டில் சண்டை வரக்கூடாது!

மிகப் பழைய டெஸ்க்டாப் பெட்டிகள் சில பென் டிரைவையும் ஏற்காது. அதற்கும் வழி இருக்கிறது. அதன் ஹார்டு டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, அங்கே லினக்ஸைப் பதித்து, திரும்பக் கொண்டுவந்து மாட்டிவிடலாம். ஒரே அறையில் பத்து, இருபது பெட்டிகள் இருந்தால், கேபிள் மூலம் ஒரு கம்ப்யூட்டரிலிருந்தே எல்லாவற்றையும் தொடங்கவும் முடியும்.

இன்னொரு சிறு விஷயம். ரொம்ப நாள் கிடந்த கம்ப்யூட்டரில் தேதி தவறாக இருக்கும். உள்ளே வட்டமான, காசு போன்ற பேட்டரி ஒன்று தீர்ந்திருக்கும். தேதி தவறினால் பல இணையதளங்கள் திறக்கவே திறக்காது. "நெட் வேலை செய்யவில்லை" என்று பலர் லேப்டாப்பைத் திட்டுவார்கள். அந்தக் காசு பேட்டரியை மாற்றித் தேதியைச் சரி செய்தால் தீர்ந்தது.

ஏன் விண்டோஸ் வேண்டாம்?

"பழையபடி விண்டோஸே போட்டால் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

விண்டோஸ் 7-க்குக் கம்பெனி தரும் பாதுகாப்பு 2020 ஜனவரி 14-ந் தேதியோடு நின்றது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ எல்லாக் கம்ப்யூட்டரும் ஏற்காது. உள்ளே டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், ஓரளவு புதிய பிராசசரும் இருக்க வேண்டும் என்று கம்பெனி விதித்திருக்கிறது. 2011-லும் 2014-லும் கொடுத்த லேப்டாப்புக்கு அது எங்கே இருக்கும்?

அதனால் என்ன நடக்கிறது? காசு கொடுத்து வாங்காத திருட்டு விண்டோஸைக் கடைகளில் போட்டுக் கொடுக்கிறார்கள். பூட்டை உடைக்கும் மென்பொருள் ஒன்றையும் சேர்த்துப் போடுகிறார்கள். அதோடு கூட என்னென்ன உள்ளே வருகிறது என்று யாருக்குத் தெரியும்? அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பாங்கு கணக்கைத் திறப்பது திருடனை வீட்டுக்குக் காவல் வைப்பதற்குச் சமம்.

லினக்ஸில் அந்தத் தொல்லை இல்லை. பின்லாந்து நாட்டில் லினஸ் டார்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் 1991-ல் எழுதத் தொடங்கியது அது. உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து வளர்த்தார்கள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், கொடுக்கலாம். சட்டமே அதை அனுமதிக்கிறது.

"இலவசம் என்றால் மட்டமான சரக்காக இருக்கும்" என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். அவர்கள் சட்டைப் பையில் உள்ள ஆண்ட்ராய்டு செல்போனுக்குள் ஓடுவது லினக்ஸ்தான்! உலகத்தின் மிக வேகமான 500 கம்ப்யூட்டர்களின் பட்டியல் ஒன்று வருகிறது. 2017 நவம்பர் முதல் அந்த 500-லும் ஓடுவது லினக்ஸ்தான்.

குறையும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. கடைக் கணக்குக்கு டாலி வேண்டும், ஸ்டூடியோவுக்கு ஃபோட்டோஷாப் வேண்டும் என்பவர்களுக்கு லினக்ஸ் சரிப்படாது. அவர்கள் முறைப்படி விண்டோஸ் வாங்குவதே நல்லது. இரண்டு ஜி.பி. ராம் உள்ள லேப்டாப்பில் லினக்ஸ் போட்டாலும் அது குதிரையாக ஓடாது. இண்டர்நெட்டில் ஒரே நேரத்தில் பத்துப் பக்கம் திறந்தால் மூச்சு வாங்கும். ஆனால் எழுத, படிக்க, கணக்குப் போட, பாடம் பார்க்க அது தாராளமாகப் போதும்.

மலையில் என்ன நிலை?

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. அதன் மேற்கே கல்வராயன் மலை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு மேலே ஏறினால் வெள்ளிமலை. மலை முழுவதும் மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்களின் சிற்றூர்கள். கேரளத்து மலையாளிகள் அல்ல. தமிழ் பேசும் மலைவாசிகள். மரவள்ளியும் சாமையும் பயிரிடுகிறார்கள்.

2024-ல் கள்ளக்குறிச்சி கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, இந்த மலை மக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை ஐகோர்ட்டு தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று பல குறைகள் பேசப்பட்டன.

"ரோடே இல்லாத ஊருக்கு லேப்டாப்பா?" என்று கேட்பார்கள். ரோடு வேண்டும்தான். ஆனால் பரணில் உள்ள லேப்டாப்பை மலைக்குக் கொடுத்தால் ரோட்டுக்கு உள்ள பணத்தில் ஒரு பைசா குறையப்போவதில்லை. ரோடு வரும் வரை பிள்ளைகள் வளராமல் நிற்கப் போகிறார்களா?

"எல்லோரிடமும் செல்போன் இருக்கிறதே" என்றும் சொல்வார்கள். செல்போன் பார்ப்பதற்கு நல்லது. ஆனால் ஒரு மாணவி பத்துப் பக்கம் கட்டுரை எழுதவோ, கணக்குப் பட்டியல் தயாரிக்கவோ, புரோகிராம் எழுதிப் பழகவோ அது வசதிப்படாது. வீட்டில் ஒரு செல்போன்தான் இருக்கும். அதுவும் அப்பாவோடு கூலி வேலைக்குப் போய்விடும்.

இன்னும் முக்கியமான ஒன்று உண்டு. ஐ.ஐ.டி., என்.ஐ.டி.யில் சேருவதற்கான ஜே.இ.இ. தேர்வு இப்போது கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. மூன்று மணி நேரம் திரையைப் பார்த்து, மவுஸைப் பிடித்து விடை குறிக்க வேண்டும். நகரத்துப் பிள்ளைக்கு அது பழக்கம். தேர்வு நாளன்றுதான் முதன்முதலாக மவுஸைத் தொடும் மலைப் பிள்ளையின் நிலை என்ன? பாடம் தெரிந்தும் கை நடுங்கும்.

மலைப் பிள்ளைகளுக்கு மூளை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. கல்வராயன் மலையின் சேலம் மாவட்டப் பகுதியைச் சேர்ந்த ஒரு பழங்குடி மாணவி 2025-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் இடம் பிடித்தார். அவருக்கு அடுத்து வருகிறவர்களுக்குப் பழகிக்கொள்ள ஒரு கம்ப்யூட்டராவது வேண்டாமா?

நெட் இல்லாவிட்டாலும்

மலையில் பல இடங்களில் சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை. பென் டிரைவின் அருமை அங்கேதான் தெரியும்.

லினக்ஸை இறக்கும் வேலையைக் கள்ளக்குறிச்சி டவுனிலேயே முடித்துவிடலாம். பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறலாம். மேலே நெட் தேவையில்லை. ஒரே பென் டிரைவைக் கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக எத்தனை லேப்டாப்புக்கு வேண்டுமானாலும் போடலாம். இன்னும் நூறு லேப்டாப் வந்தாலும் அதே பென் டிரைவ்தான்!

இன்னொரு பென் டிரைவில் பாடப் புத்தகங்களைக் கொண்டு போகலாம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் கம்ப்யூட்டரில் படிக்கும் வடிவில் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. கிவிக்ஸ் என்ற மென்பொருள் மூலம் அதை மொத்தமாக எடுத்துப்போய், நெட் இல்லாமலே படிக்கலாம். ஒரு நூல் நிலையமே பாக்கெட்டில் போகிறது! தமிழ்99 தட்டச்சு முறை லினக்ஸிலேயே இருக்கிறது. அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.

புதிதா இது?

தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதிதல்ல. அரசு நிறுவனமான எல்காட், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2007 வாக்கிலேயே சூசி லினக்ஸுக்கு மாறியது. அதே ஆண்டில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் "பாஸ்" என்ற லினக்ஸை வெளியிட்டது. ஆரம்பத்தில் வழங்கப்பட்ட விலையில்லா லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டே கொடுத்தார்கள். ஆனால் அதை எப்படி உபயோகிப்பது என்று சொல்லிக் கொடுக்க ஆள் வைக்கவில்லை. பல பிள்ளைகள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கேரளத்தில் "கைட்" என்ற அரசு நிறுவனம் பள்ளிகளுக்கென்றே லினக்ஸ் தயாரித்து, ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தது. அங்கே அது நிலைத்தது. கொடுத்தவர்கள் கூடவே ஆளையும் கொடுத்தார்கள், அதுதான் வித்தியாசம்.

2025-ல் தமிழக பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் என்று அறிவிப்பு வந்தது. மகிழ்ச்சிதான். புது லேப்டாப் கையில் வரும் வீட்டில், பழையது இன்னும் ஒரு படி மேலே பரணுக்குப் போகும். அதைக் கீழே இறக்கும் திட்டம் ஒன்றையும் அரசு யோசிக்க வேண்டும்.

யார் செய்வது?

ஆள் இல்லாமல் இல்லை. கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஏழு நாள் முகாம் நடத்துகிறார்கள். கிராமத்தில் ரோடு ஓரம் புல் வெட்டுகிறார்கள், கோயில் குளத்தைச் சுத்தம் செய்கிறார்கள். நல்ல காரியம்தான். அந்த ஏழு நாளில் இரண்டு நாளை வெள்ளிமலையில் உள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிக்கு ஒதுக்கினால் என்ன? கம்ப்யூட்டர் படிக்கும் மாணவர்கள் பத்துப் பேர், பழைய லேப்டாப் இருபது, பென் டிரைவ் நாலு. அவ்வளவுதான் செலவு! பக்கத்து விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமத்து மாணவர்களுக்கு இலவசமாகவே வகுப்பு எடுத்து வருகிறது. வழிகாட்ட அவர்களைக் கேட்கலாம்.

மாணவர்கள் திரும்பி வந்துவிடுவார்கள். ஆகவே பள்ளியில் ஓர் ஆசிரியருக்கும், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேருக்கும் இந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். பென் டிரைவையும் பள்ளியிலேயே விட்டுவர வேண்டும். அடுத்த முறை ஒரு லேப்டாப் நின்றால், அதைத் தூக்கிக்கொண்டு யாரும் மலை இறங்க வேண்டியதில்லை.

பிள்ளைகள் அதை வேகமாகக் கற்றுக்கொள்வார்கள். பெரியவர்கள் "கெட்டுவிடுமோ" என்று பயந்து தொடவே மாட்டார்கள். ஏற்கனவே கெட்டுப்போன லேப்டாப்பில் பழகுவதற்கு என்ன பயம்?

கொடுக்க நினைக்கிறவர்கள் பரணிலிருந்து லேப்டாப்பை மட்டும் இறக்கினால் போதாது. சார்ஜரைத் தேடி எடுங்கள். அது இல்லாமல் பாதி லேப்டாப்புகள் வீணாகின்றன. சொந்தப் போட்டோக்களை எடுத்துக்கொண்டு மீதியை அழித்துவிடுங்கள். உள்ளே நுழைய ரகசியச் சொல் வைத்திருந்தால் அதை ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். பேட்டரி செத்திருந்தாலும் பரவாயில்லை, கரண்டில் ஓடும். திரை உடைந்ததை மட்டும் அனுப்ப வேண்டாம்.